முதலில் வெளுத்த பாத்தி

அந்தக் கோதுமைப் பண்ணையில் அவளை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். சாக்பீஸைக் கையால் தொட்டவள் இல்லை. ஒரு பிள்ளையின் காதைத் திருகியவளும் இல்லை. அவள் மார்க் போட்டதெல்லாம் பயிருக்கு. அனல்காற்று அடித்து ஓய்ந்த பிறகு பாத்தி பாத்தியாக நடப்பாள். ஒவ்வொன்றின் முன்னாலும் இடுப்பில் கைவைத்து நின்று, ஒன்றிலிருந்து ஒன்பது வரை மார்க் போடுவாள். வைக்கோலாக நிற்பதற்கு ஒன்று. காற்றா, எப்போது அடித்தது என்று கேட்கிற மாதிரி பச்சைப்பசேலென்று நிற்பதற்கு ஒன்பது. அந்த ஒன்பதை அவள் யாருக்கும் போட்டதில்லை. "நம்ம டீச்சர் கையால ஒன்பது வாங்கறதுக்குள்ள கோதுமைக்கு மீசையே நரைச்சுடும்" என்பார் பண்ணைக் காவல்காரர்.

சும்மா சொல்லக் கூடாது, கண் என்றால் அது கண். இன்றைக்குப் பச்சையாக இருக்கிற இலை நாளைக்கு எந்த ஓரத்திலிருந்து காயத் தொடங்கும் என்று நின்ற இடத்திலிருந்தே சொல்லிவிடுவாள். வேறு பண்ணைகளிலிருந்து வந்தவர்கள் ஏதோ கருவியைக் கொண்டுவந்து இலையில் வைத்து அளந்து பார்ப்பார்கள். கருவி காட்டுவதும் அவள் சொன்னதும் ஒன்றாகவே இருக்கும். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருந்தால் என்ன, இருக்க வேண்டியதுதானே!

காற்றைப் பற்றிச் சொல்லாமல் அவளைப் பற்றிச் சொல்ல முடியாது. கோதுமை குளிருக்கென்றே பிறந்த பயிர். குளிரில் முளைத்து, குளிரில் தூர்கட்டி, கதிர் தள்ளுகிற வரைக்கும் அதற்கு ஒரு குறையும் இருக்காது. பூ முடிந்து மணிக்குள் பால் ஏறுகிற சமயம் பார்த்து மலை இடுக்கு வழியாக வந்து சேரும் அந்தச் சனியன். கொதிக்கிற கல்வெளியைத் தாண்டி வருவதால் அதில் பேருக்குக்கூட ஈரம் இருக்காது. அடுப்புக் கதவைத் திறந்ததும் முகத்தில் ஒரு அனல் அறையுமே, அப்படி அறையும். ஆனால் இந்தக் கதவை மூட ஆள் கிடையாது. உதடு வெடிக்கும். ஜன்னல் சட்டம் படீரென்று விரியும். கொடியில் போடப் போகிற துணி கையில் இருக்கும்போதே காய்ந்துவிட்டதோ என்று தோன்றும். பால் பிடித்திருந்த மணி, காற்று ஓய்ந்த பிறகு பார்த்தால் தோலும் சுருக்கமுமாகச் சீரகம் போலக் கிடக்கும். ஒரு சமவெளி மொத்தத்தின் விளைச்சலையும் ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் போகிற காற்று. அதைப் பார்த்தால் டீச்சருக்குப் பயமாகவும் இருக்கும், வாயைப் பிளந்து பார்க்கவும் தோன்றும்.

மற்ற பண்ணைகளில் காற்றுக்கு மறைவு பார்த்துப் பயிர் வைப்பார்கள். இங்கே வேண்டுமென்றே மலை இடுக்கின் வாய்க்கு நேராக விதைத்தார்கள். அந்த இடத்துக்குக் காற்றுத்திடல் என்று பெயர். பெற்ற பிள்ளையைக் கொண்டுபோய் நடுரோட்டில் நிறுத்துகிற வேலைதான். ஆனால் காற்றைத் தாங்குகிற கோதுமை எது என்று காற்றைத் தவிர வேறு யாரிடம் கேட்பது?

பிள்ளைகளை உண்டாக்குகிறவர் விஞ்ஞானி. டீச்சரைவிட வயதில் சின்னவர், ஒல்லி, உயரம், எப்போதும் சட்டைப்பையில் ஒரு சின்ன இடுக்கி. கதிரில் ஒவ்வொரு பூவாக விரித்து, உள்ளே இருக்கிற மகரந்தப் பைகளை அது தூள் உதிர்க்கும் முன்பே இடுக்கியால் கிள்ளி எடுத்துவிட்டு, கதிருக்குக் காகித உறை மாட்டிவிடுவார். பிறகு வேறொரு இனத்தின் மகரந்தத்தைக் கொண்டுவந்து தூவுவார். "கல்யாணம் பண்ணி வைக்கறது சாரு, பிள்ளைங்களை ஃபெயிலாக்கறது நானு" என்பாள் டீச்சர். ஆனால் முதன்முதலில் அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகளை வரிசையாக விதைத்துப் பார்த்த வருஷம் அவள் ஒவ்வொரு செடியின் முன்னாலும் நின்று நின்று பார்த்தாள். ஒரே தாய், ஒரே தகப்பன். பேரப்பிள்ளைகளில் ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, ஒன்றுக்குக் கதிரில் மீசை, ஒன்று மொழுமொழு. இத்தனை முகம் ஒரு மணிக்குள் எங்கே ஒளிந்திருந்தது? அந்த ஆச்சரியம் அவளுக்குக் கடைசிவரை அடங்கவே இல்லை.

திடலில் பாத்திகள் ஏராளம், கைகளோ கொஞ்சம். அதனால் விஞ்ஞானி ஆரம்பத்திலேயே ஒரு விதி எழுதி வைத்தார்: மூன்று மார்க்குக்குக் கீழே வாங்கிய பாத்தியில் அரிவாள் படாது. அறுப்பதில்லை, அடிப்பதில்லை, எடை பார்ப்பதில்லை. டிராக்டர் வந்து மண்ணோடு மண்ணாக மடக்கிப் போட்டுவிடும். செத்ததை அறுத்து என்ன செய்வது? யாருக்கும் அதில் சந்தேகம் வரவில்லை.

இந்த விதிக்கு அடிக்கடி பலியானது ஒரு குடும்பம். விஞ்ஞானியிடம் ஒரு பழைய இனம் இருந்தது, தண்டு தடித்த குள்ளன். துரு நோய் அதன் பக்கம் எட்டிப் பார்க்காது. அதனாலேயே அதை விடாமல் கல்யாணம் பண்ணி வைத்துக்கொண்டிருந்தார். ஆனால் காற்று வந்து தொட வேண்டியதுதான், திடலிலேயே முதல் ஆளாக இலையெல்லாம் வெளுத்து நிற்பான். டீச்சர் அவனுக்கு வெளுத்தான் என்று பெயர் வைத்தாள். அவன் ரத்தம் ஓடுகிற பாத்தி எது என்று பெயர்ச்சீட்டைப் பார்க்காமலே அவளுக்குத் தெரியும். "அப்பன் புத்தி அப்படியே இருக்கு பாருங்க சார். காத்து வருதுன்னு காதுல விழுந்தாப் போதும், படுத்துடறானுங்க" என்று சிரித்துக்கொண்டே ஒன்று போடுவாள். வருஷா வருஷம் போட்டாள்.

டீச்சருக்கு ஒரே தம்பி. சமவெளியில், காற்றின் பாதையிலேயே, அவனுக்கு நிலம். கோதுமை தவிர வேறெதுவும் தெரியாதவன். அடுத்தடுத்து அவன் அறுத்ததெல்லாம் பதர். அக்கா வீட்டுக்கு வந்தால் சமையலறை முக்காலியில் உட்கார்ந்துகொண்டு, "என்னக்கா, உன் பசங்க எப்பதான் பாஸாவாங்க?" என்று கேட்பான். "வருவான்டா ஒருத்தன். கொஞ்சம் பொறு" என்பாள். ரொட்டிக்கடை அடுப்பில் வேலை பார்க்கிற அவள் புருஷன், "மச்சான், இவ கையில நான் இத்தனை வருஷமா பாஸாகலை. கோதுமை பாவம்" என்பார். மூன்று பேரும் சிரிப்பார்கள்.

ஆனால் அந்த வருஷம் தம்பி வந்தபோது சிரிக்கவில்லை. முக்காலியில் உட்காரவும் இல்லை.

"நிலத்தைக் கேட்டு ஒருத்தர் வந்துட்டுப் போனார்க்கா. கல்லுடைக்கிற கம்பெனிக்காம். இந்த அறுவடையும் கை விட்டா, கொடுத்துடலாம்னு இருக்கேன்."

"டேய், பொறுடான்னு சொல்றேன்ல?"

"நீ சொல்லிச் சொல்லித்தான் இவ்வளவு நாள் பொறுத்தேன். உன்மேல கோபமில்லைக்கா. எனக்குத் தெம்பில்லை."

அவனிடம் சொல்லாத ஒன்று அவளிடம் இருந்தது. மேலிடத்திலிருந்து அந்த வாரம்தான் சொல்லி அனுப்பியிருந்தார்கள்: இத்தனை வருஷமாகக் காற்றுத்திடலிலிருந்து ஒரு இனம்கூட வெளியே வரவில்லை, இந்தக் காற்றுக்கும் ஒன்றும் தேறாவிட்டால் திடலை மூடிவிட வேண்டியதுதான். விஞ்ஞானியை வேறு பண்ணைக்கு மாற்றுவார்கள், அவளை விதைக் கிடங்குக்கு. கிடங்கு அவளுக்குப் பெரிசில்லை. தம்பியைப் பொறு பொறு என்று நிறுத்தி வைத்தது அவள் வாய். அந்த வாயால் இனி என்ன சொல்வது?

காற்று வந்தது. வந்ததென்றா சொல்வது! மலை இடுக்கில் முதலில் ஒரு மஞ்சள் மங்கல் எழும்பியது. பிறகு திடலின் பயிர் முழுவதும் ஒரே பக்கமாகப் படுத்து எழுந்தது. பறவைக்குப் போட்டிருந்த வலைகள் கழியோடு சேர்ந்து ஊதிப் புடைத்தன. டீச்சர் முகத்தில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு கொட்டகையில் நின்று பார்த்தாள். துணி சுற்றி முடிப்பதற்குள் காய்ந்துபோனது. அடேயப்பா, என்ன காற்று! அவள் வேலைக்கு வந்த நாளிலிருந்து அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. இதை எதிர்த்து ஒரு புல் நிற்க வேண்டும் என்று கேட்கிறோமே, நமக்குத்தான் எவ்வளவு துணிச்சல் என்று அவளுக்கே தோன்றியது.

ஓய்ந்ததும் மார்க் போடப் போனாள். வெளுத்தான் வம்சத்தில் ஒரு புதுப் பாத்தி, திடலின் மேற்கு ஓரத்தில், காற்றின் முதல் நாளே வெளுத்திருந்தது. நிற்கக்கூட நிற்காமல் ஒன்று போட்டுவிட்டு நடந்தாள். நடுத்திடலில் ஒரு பாத்தி ஆறு வாங்கியது. அப்படி ஒரு பச்சை! அவ்வளவு காற்றிலும் மேல் இலை மடங்கி, உருண்டு, உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது. "சார், இவன்தான்" என்று கத்தினாள். விஞ்ஞானி ஓடி வந்து அந்த இலையைத் தடவித் தடவிப் பார்த்தார்.

மணி முற்றியதும் அறுத்தார்கள். கொட்டகை மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, ஆறு மார்க் வாங்கிய பாத்தியை அடித்துப் புடைத்தார்கள். துணியில் விழுந்தது சீரகம். சுருங்கி, ஒல்லியாக, விரலில் ஒட்டினால் ஊதித் தள்ளுகிற எடையில். ஐந்து வாங்கியது, நான்கு வாங்கியது, மூன்று வாங்கியது எல்லாம் அதே கதை. விஞ்ஞானி நாற்காலியில் உட்கார்ந்து இடுக்கியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். டீச்சர் துணியை உதறி மடித்தாள். திடல் முடிந்தது. காவல்காரரிடம் போய், "வலையைச் சுருட்டிடுங்க. இனி எதுக்கு?" என்று மட்டும் சொன்னாள்.

வலையைச் சுருட்டினால் குருவி வரும். எங்கிருந்துதான் அத்தனை குருவி வந்ததோ! அறுக்காமல் விட்ட பாத்திகள் மேல் மொய்த்தது. டீச்சருக்குக் குருவியைக் கண்டால் ஆகாது. இத்தனை வருஷம் அதோடு மல்லுக்கு நின்றவள். அன்றைக்கு விரட்டத் தெம்பில்லாமல் கொட்டகை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவை ஒரு பாத்தியில் இறங்கும், இரண்டு கொத்துக் கொத்தும், எழும்பும். அடுத்ததில் இறங்கும், எழும்பும். பதரைக் கொத்தி யாருக்கு என்ன லாபம்? அப்படியே போய்ப் போய்க் கடைசியில் மேற்கு ஓரத்தில் இறங்கிய கூட்டம் எழும்பவில்லை. மற்ற குருவிகளும் அங்கேயே போய் விழுந்தன. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, சிறகடித்துச் சண்டை போட்டுக்கொண்டு, அப்படி ஒரு பந்தி.

"செத்த பாத்தியில என்னடி விருந்து உங்களுக்கு?" என்று கேட்டுக்கொண்டே நடந்தாள். அவள் கிட்டே வந்தும் அவை பறக்கவில்லை. சாப்பாட்டு மும்முரம். வெள்ளையாக, காகிதம் போல் இலை தொங்கிக்கொண்டிருந்த ஒரு செடியின் கதிரை ஒடித்து உள்ளங்கையில் வைத்துக் கசக்கி ஊதினாள்.

உமி பறந்தது. மணி பறக்கவில்லை.

கையில் கோதுமை இருந்தது. கொழுகொழுவென்று, முதுகு திரண்டு, தேன் நிறத்தில், கடைத்தெருவில் குவித்து வைத்திருப்பார்களே அந்தக் கோதுமை. காற்றே அடிக்காத ஊரில் விளைந்த மாதிரி. அவள் இன்னொரு கதிரைக் கசக்கினாள். இன்னொன்று. எல்லாம் மணி! அம்மாடியோ என்று வாய்விட்டுச் சொன்னாள். அப்புறம்தான் குருவிகள் என்ன தின்றுகொண்டிருக்கின்றன என்பது மண்டையில் ஏறியது. உலகத்தில் இந்த விதை இருப்பது இந்த ஒரு பாத்தியில் மட்டும். போட்டாள் பாருங்கள் ஒரு கூச்சல்! கையை விரித்துக்கொண்டு பாத்திக்குள் பாய்ந்தாள். தலைத்துண்டை உருவிச் சுழற்றினாள். "வலை! வலையைக் கொண்டாங்க! ஐயோ, திங்கறானுங்களே!" காவல்காரர் பாம்பு கடித்துவிட்டதோ என்று தடியோடு ஓடி வந்தார், விஷயம் தெரிந்ததும் தடியைப் போட்டுவிட்டு வலைக்கு ஓடினார்.

பாதிக்கு மேல் போயிருந்தது. மிச்சத்தை இரண்டு பேருமாக வலைபோட்டு மூடினார்கள். விஞ்ஞானி வந்து மண்டியிட்டார். கதிரை விட்டுவிட்டுத் தண்டைக் கிள்ளி எடுத்து விரல்மேல் வைத்தார். தண்டு எடையே இல்லாத மாதிரி லேசாகக் கிடந்தது. எழுந்து போய், ஆறு மார்க் வாங்கிய பாத்தியின் அறுத்த தாளில் ஒன்றைக் கொண்டுவந்தார். அது கனத்தது. வாயில் வைத்து மென்றார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து டீச்சரும் வாங்கி மென்றாள். லேசாக இனித்தது.

"அக்கா, கதிர் வர்றதுக்கு முன்னாடியே பயிர் தண்டுல சர்க்கரை சேர்த்து வைக்கும். இந்தப் பச்சைக்காரன் காத்து அடிச்சதும் அதைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு, தான் பொழைச்சாப் போதும்னு நின்னிருக்கான். இவன்..." விஞ்ஞானி வெள்ளைச் செடியைத் தொட்டுக் காட்டினார். "இவன் காத்து தொட்டதுமே இலையை விட்டுட்டான். தண்டுல இருந்ததையெல்லாம் வழிச்சு மணிக்கு ஏத்திட்டான். நாம செத்துட்டான்னு மார்க் போட்டமே, அப்பத்தான் உள்ள வேலை நடந்துக்கிட்டிருந்திருக்கு. நான் இதைப் படிச்சிருக்கேன்க்கா. ஆனா நம்ம திடல்ல தேடணும்னு தோணவே இல்லை."

டீச்சர் அந்த வெள்ளைப் பயிரைப் பார்த்தாள். கண்ணீர் பொங்கிக்கொண்டு வந்தது. வாயில்லா ஒரு புல், அத்தனை பெரிய காற்று வருகிறது என்று தெரிந்ததும், தன்னைக் காப்பாற்றிக்கொள்ளாமல் தன்னிடம் இருந்ததையெல்லாம் மணிக்குக் கொடுத்துவிட்டு நின்றிருக்கிறது. இதை அதற்கு யார் சொல்லிக் கொடுத்தது? அவள் எத்தனையோ வருஷம் கோதுமையைப் பார்த்தவள். இப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறோம் என்று தோன்றியது. தொடவே கூசியது.

அந்தப் பரவசத்தின் பின்னாலேயே வந்தது அடி. அவள் வெறும் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "சார், இத்தனை வருஷம் இவன் அண்ணன் தம்பியெல்லாம் இதே மாதிரி வெளுத்தானுங்களே. சிரிச்சுக்கிட்டே ஒண்ணு போட்டேனே. ஒருத்தன் கதிரைக்கூடக் கசக்கிப் பார்க்கலையே சார்!"

"மூணுக்குக் கீழ அறுக்க வேண்டாம்னு எழுதினது நான்" என்றார் விஞ்ஞானி. அவரும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

மிஞ்சிய மணியை விஞ்ஞானியே மேலிடத்துக்கு எடுத்துப் போனார். மேஜையில் ஒரு பக்கம் பச்சைக்காரனின் சீரகம், ஒரு பக்கம் வெளுத்தான் பிள்ளையின் மணி. நடுவில் செத்த இலையின் படம். அவர்கள் நம்பாமல் கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரே ஒரு காற்றுக்கு அனுமதி கொடுத்தார்கள். தம்பியின் அறுவடை அந்த வருஷமும் பதர்தான். டீச்சர் அவனிடம் போய், "ஒரு காத்து மட்டும். அதுக்கப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன்" என்றாள். அவன் கம்பெனிக்காரரிடம் அடுத்த அறுவடைக்குள் பதில் சொல்வதாகச் சொல்லிவைத்தான்.

மறு வருஷம் காற்று கிளம்பிய வாரத்தில் அவனை வரச் சொன்னாள். முகத்தில் துணி கட்டிக்கொண்டு இரண்டு பேரும் திடலுக்குள் நடந்தார்கள். சுற்றிலும் பாத்திகள் அரைப்பச்சையில் தள்ளாடிக்கொண்டிருந்தன. வெளுத்தான் பிள்ளையின் பாத்தி மட்டும் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளையாக நின்றது. இலை ஒன்றுகூட உயிரோடில்லை.

தம்பி நின்றுவிட்டான். "இதுவாக்கா?"

"இதுதான்."

"போச்சு" என்று திரும்பினான்.

அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். முதலில் பக்கத்துப் பச்சைப் பாத்தியிலிருந்து ஒரு மணியை உரித்து அவன் உள்ளங்கையில் வைத்து, "நசுக்கு" என்றாள். தண்ணீர் மாதிரி ஏதோ கசிந்தது. தோல் மட்டும் மிஞ்சியது. பிறகு வெள்ளைப் பாத்தியின் கதிரை உரித்தாள். அதை அவன் நசுக்கினான். பிசைந்த மாவு போலக் கெட்டியாக, வெள்ளைவெளேரென்று, நகக்கண்ணில் அப்பிக்கொண்டது. அவன் அதையே பார்த்தான். வேறொரு செடிக்குப் போய் அவனாகவே உரித்தான். அடுத்த செடி. வரிசையின் கடைசி வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தான். காற்று அவன் துணியைப் பிய்த்துக்கொண்டு போனது, அவன் பிடிக்கவில்லை.

"இலையெல்லாம் செத்துடுச்சேக்கா. எங்கேருந்து ஏறுது?"

"தண்டுலேருந்து. இன்னமும் ஏறிக்கிட்டிருக்கு. இப்ப, நாம நிக்கறப்பவே."

அவன் குனிந்து அந்தக் காய்ந்த தண்டைத் தொட்டான். நெடுநேரம் எடுக்கவில்லை கையை.

"எங்களுக்கு எப்பக் கிடைக்கும்?"

அவளால் பொய் சொல்ல முடியவில்லை. "விதையைப் பெருக்கணும்டா. வேற மண்ணுல போட்டுப் பார்க்கணும். இன்னும் சில வருஷம் ஆகும். நடுவுல இதுவும் காலை வாரலாம்."

அவன் நகத்தில் ஒட்டியிருந்த மாவை நாக்கில் வைத்துப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது காற்றாலா என்று கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"அந்தக் கம்பெனிக்காரரை வர வேண்டாம்னு சொல்லிடறேன்க்கா" என்றான்.